வாசகர் கேள்வி – பதில்: பிறை பார்த்த இரவும் பெருநாள் காலையும்

ரமலான் மாதத்தின் கடைசிப் பத்து நாள் நடந்துகொண்டிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோன்புப் பெருநாளைப் பற்றியே இருந்தன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நான் கீழக்கரையில் பிறந்து வளர்ந்தவள். பிள்ளைகளின் படிப்புக்காகப் பின்னால் சென்னைக்கு வந்தோம். அதனால் என் பதில்களில் கடற்கரை ஊர் வழக்கம்தான் முன்னால் நிற்கும். உள்நாட்டில் ராவுத்தர் வீடுகளிலும் உருது பேசுகிற வீடுகளிலும் சில விஷயங்கள் மாறும்.

கேள்வி: எங்கள் எதிர் வீட்டுக்கு ஒரு முஸ்லிம் குடும்பம் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது. பெருநாள் அன்று காலையிலிருந்து அவர்கள் வீட்டில் என்னவெல்லாம் நடக்கும்? எந்த நேரத்தில் போய் வாழ்த்துச் சொன்னால் தொந்தரவாக இருக்காது?
– இல்லத்தரசி, திருப்பூர்

பதில்: பெருநாள் காலையில் தொடங்குவதில்லை, முந்தின நாள் மஃரிபில், அதாவது அந்தி நேரத் தொழுகை வேளையில் தொடங்குகிறது. சூரியன் மறைந்து, நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே எல்லோரும் மேற்கு வானத்தைப் பார்ப்போம். பிறை தெரிந்துவிட்டது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னதும் தெரு அப்படியே மாறிவிடும். இறைவனைப் பெருமைப்படுத்திச் சொல்லும் தக்பீர் ஆரம்பிக்கும். "அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்" என்று தொடங்கி "வலில்லாஹில் ஹம்து" என்று முடிகிற அந்த வரிகளைச் சின்னப் பிள்ளைகள் தெருவில் ஓடிக்கொண்டே சொல்வார்கள். எங்கள் காலத்தில் அம்மியில் அரைத்த மருதாணி, இப்போது கூம்பு. ராத்தாமார் (அக்காமார்) வரிசையாக உட்கார்ந்து தங்கச்சிகளுக்கு வைத்துவிடுவார்கள். சமையல் கட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் நடுச்சாமம் வரை கேட்கும்.

காலையில் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் குளித்து, இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்தி, ஆண்கள் அத்தர் பூசிக்கொள்வார்கள். தொழப் போகுமுன் பேரீச்சம்பழம் ஒற்றைப்படையில், ஒன்றோ மூன்றோ சாப்பிட வேண்டும். ஒரு மாதம் பகலில் தண்ணீர்கூடத் தொடாமல் இருந்தவர்கள், இன்று நோன்பு இல்லை என்று வாயால் காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுகிறார்கள். பெருநாள் அன்று நோன்பு வைப்பது எங்களுக்குத் தடுக்கப்பட்டது. எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் அன்று சாப்பிட்டே ஆக வேண்டும். என் வாப்பா (அப்பா) மூன்றாவது பேரீச்சம்பழத்தைப் பாதி கடித்துவிட்டு மீதியை என் வாயில் வைப்பார்.

போகும்போது ஒரு தெரு, திரும்பும்போது வேறு தெரு. நபிகள் நாயகம் அப்படிச் செய்தார்கள் என்பதால் இது நபிவழி. இப்படிப் போனால் இரண்டு தெருக்காரர்களுக்கும் சலாம் சொல்லியாகிவிடும். தொழுகை முடிந்ததும் கைகொடுத்து, தழுவி, பலர் அப்படியே மையவாடிக்கு (அடக்கத்தலம்) போய், தங்கள் வீட்டில் மௌத்தானவர்களுக்காக, அதாவது இறந்தவர்களுக்காக துஆ கேட்டுவிட்டு வருவார்கள். வாப்பா போன பிறகு வந்த முதல் பெருநாளில் என் காக்கா (அண்ணன்) அங்கே போய்விட்டு வந்து, வீட்டில் யாரிடமும் பேசாமல் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உம்மா (அம்மா) ஒன்றும் கேட்கவில்லை. இடியாப்பத்தை மட்டும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

அப்புறம் பசியாறல். காலைச் சாப்பாட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இடியாப்பம், கறி ஆணம் (குழம்பு), முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் வேகவைத்த வட்டலப்பம். உருது பேசுகிற வீடுகளில் பாலும் சேமியாவும் பேரீச்சம்பழமும் முந்திரியும் சேர்த்த ஷீர் குருமா இந்த இடத்தில் வரும். பசியாறியதும் பிள்ளைகள் வீடு வீடாகக் கிளம்பிவிடுவார்கள். பெரியவர்கள் கையில் பெருநாள் காசு இருக்கும். தொகை பெரிதில்லை, நோட்டு புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மதியம் நெய்ச்சோறோ பிரியாணியோ, தால்ச்சாவோடு. ஊரில் இப்போதும் சில வீடுகளில் ஸஹன் என்கிற பெரிய தட்டில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள்.

நீங்கள் காலை பத்து, பத்தரை மணிக்குப் போங்கள். தொழுகைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள், மதியச் சமையல் மும்முரம் ஆரம்பித்திருக்காது. "பெருநாள் வாழ்த்துகள்" என்றாலும் சரி, "ஈத் முபாரக்" என்றாலும் சரி. ஊருக்குப் புதிதாக வந்த குடும்பத்துக்குப் பெருநாளில் கதவைத் தட்ட ஆள் இல்லை என்பதுதான் பெரிய குறை. சென்னைக்கு வந்த முதல் வருடம் அது எனக்கு நடந்தது. பதினோரு மணி வரை புதுச் சேலையோடு கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கட்டாயம் போங்கள்.

கேள்வி: என் அலுவலகத்தில் ஒரு முஸ்லிம் நண்பர் விடுமுறை கேட்கும்போது "இந்தத் தேதி, இல்லாவிட்டால் மறுநாள்" என்றே எழுதிக் கொடுக்கிறார். நாள்காட்டியில் தேதி அச்சாகியிருக்கிறதே, முன்கூட்டியே முடிவு செய்ய முடியாதா?
– கணக்காளர், கோயம்புத்தூர்

பதில்: நாள்காட்டியில் இருப்பது கணக்குப்போட்டு அச்சிட்ட தேதி. நோன்பு மாதம் 29 நாளிலும் முடியலாம், 30 நாளிலும் முடியலாம். 29ஆம் நோன்பு அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் ஷவ்வால் மாதம் முதல் நாள், பெருநாள். தெரியாவிட்டால் முப்பதையும் முழுசாக நோற்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறை பார்த்த தகவல்களை வைத்து அரசு தலைமை காஜி அறிவிப்பார். அந்த அறிவிப்பு வருகிற வரை உங்கள் நண்பருக்கே தெரியாது. அவர் மழுப்பவில்லை, உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார். இரண்டு நாளில் எதுவென்றாலும் விடுப்பு உண்டு என்று முன்னாலேயே அவரிடம் சொல்லிவிட்டால் அவர் நிம்மதியாக நோன்பு வைப்பார்.

இன்னொன்றையும் சொல்கிறேன். பிறைக் கணக்கில் வருடத்துக்கு ஏறக்குறைய 354 நாள். சூரிய வருடத்தைவிட 11 நாள் குறைவு. அதனால் பெருநாள் ஒவ்வொரு வருடமும் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். 2023இல் ஏப்ரல் 22, 2024இல் ஏப்ரல் 11, 2025இல் மார்ச் 31. இப்படி நகர்ந்து நகர்ந்து எல்லாப் பருவத்தையும் சுற்றிவர 33 வருடம் ஆகிறது. என் மூத்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ரமலான் 1986 மே மாதத்தில், நல்ல கத்திரி வெயிலில் தொடங்கியது. மறுபடி அதே மே மாத ரமலான் வந்தது 2019இல். அந்த மகளின் மகள் அந்த வருடம் முதல் முதலாக முழு நோன்பு வைத்தாள். அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்கு அப்புறம் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்த அவளைப் பார்க்கும்போது, 33 வருடம் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது.

கேள்வி: ஒரு மாதப் பசி தீர்ந்தது என்கிற சந்தோஷம்தானே இந்தப் பண்டிகை?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: இல்லை, தம்பி. கடைசி வெள்ளிக்கிழமை ஏதாவது ஒரு பள்ளிவாசல் பக்கம் போய் நின்று பாருங்கள். இமாம் ரமலானுக்கு விடை கொடுத்துப் பேசும்போது பெரிய மனிதர்கள் தேம்பி அழுவதைக் கேட்கலாம். பசி பத்து நாளில் பழகிவிடுகிறது. ஆனால் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து வீடே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டது, இரவுத் தொழுகையில் நின்றது, பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்ற பிள்ளைகள், அந்த வரிசையில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருந்தது, எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. பெருநாள் மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்து, செய்ய ஒன்றுமில்லாமல் படுத்திருப்பது ஒரு தனி வருத்தம். முடித்துக் கொடுத்தானே என்று இறைவனுக்கு நன்றி சொல்லும் சந்தோஷமும், போகிறதே என்கிற துக்கமும் சேர்ந்துதான் பெருநாள்.

கேள்வி: ஃபித்ரா என்கிறார்களே, அதுவும் ஜகாத்தும் ஒன்றா? பெருநாளுக்கு முன்னால்தான் கொடுக்க வேண்டும் என்பது ஏன்?
– ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி, டீச்சர். பெருநாள் என்றால் பிரியாணி என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஜகாத் வேறு. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் செல்வம் உள்ளவர், அது ஒரு வருடம் தங்கினால், நூற்றுக்கு இரண்டரை கொடுப்பது ஜகாத். ஃபித்ரா பணக்காரர்களுக்கு மட்டும் உரியது அல்ல. இஸ்லாமியச் சட்ட வழிகளில் நாங்கள் பின்பற்றுவது ஷாஃபி வழி. அதில், பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தன் குடும்பத்துக்குத் தேவையானது போக மீதி இருக்கிற எவர் மீதும் அது கடமை. தலைக்கு ஒரு ஸாவு அரிசி. ஸாவு என்றால், ஓர் ஆள் இரண்டு கையையும் சேர்த்து அள்ளினால் வருமே, அப்படி நான்கு அள்ளு. இன்றைய எடையில் இரண்டரையிலிருந்து மூன்று கிலோ வரை சொல்கிறார்கள். இன்னொரு சட்ட வழியான ஹனஃபி வழியில் கோதுமையைக் கொண்டு கணக்கிட்டு, அதன் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம். ஒவ்வொரு பள்ளிவாசல் ஜமாஅத்தும் அந்த வருடக் கணக்கை அறிவித்துவிடும். வீட்டுத் தலைவர் தன் பொறுப்பில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துக் கொடுப்பார். பெருநாள் தொழுகைக்கு முன் கொடுத்தால்தான் ஃபித்ரா. தொழுகைக்குப் பின் கொடுத்தால் அது சாதாரணத் தர்மமாகிவிடும். நோன்பில் நாம் பேசிய வீண்பேச்சின் அழுக்கு போக வேண்டும், அன்று ஏழை வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும், இரண்டுக்காகவும்தான் இந்தக் கடமை.

எங்கள் வீட்டில் பிறை பார்த்ததும் முதல் வேலை அரிசி அளப்பதுதான். அது முடியாமல் மருதாணிக் கிண்ணத்தைத் தொட உம்மா விடமாட்டார். கூடத்தில் பாயை விரித்து, ஓலைப்பெட்டியில் அரிசியை வைத்து, எங்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி அளப்பார். நான் ஏழாவது படித்த வருடம், 29ஆம் நோன்பு அன்று மதியம் என் கடைசித் தம்பி பிறந்தான். உம்மா உள்ளறையில் படுத்திருந்ததால் என் பாட்டி உம்மம்மா அளந்தார். முதல் நான்கு அள்ளை அள்ளிப்போட்டுவிட்டு, "இது இன்னிக்கு வந்தவனுக்கு" என்றார். அவனுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. மஃரிபுக்கு முன் பிறந்துவிட்டான் அல்லவா, அவனுக்கும் உண்டு. வந்து சில மணி நேரமே ஆன பிள்ளையின் பங்கைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்து, அடுத்த தெருவில் தனியாக இருந்த ஒரு மாமி வீட்டுக்கு அனுப்பினார். பின்வாசல் வழியாகப் போ, யாரும் பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த மாமி ஓலைப்பாய் முடைந்து பிழைத்தவர். எங்கள் வீட்டு அரிசியை வாங்கி உள்ளே வைத்தார். என்னை நிற்கச் சொல்லிவிட்டு, சின்னதாக இன்னொரு முடிப்பை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "இது என் ஃபித்ரா கண்ணு, இன்ன வீட்டுல குடுத்துட்டுப் போ" என்று, தன்னைவிட முடியாத ஒரு வீட்டைச் சொன்னார். அவருக்கும் நாலைந்து வீட்டிலிருந்து அரிசி வந்திருந்தது. அந்த ஒரு நாளின் தேவைக்கு மேல் மிஞ்சியது. மிஞ்சியதால் அவரும் கொடுப்பவர் ஆனார். வாங்குகிற கையாகவே யாரையும் விட்டுவிடாமல் இப்படி ஒரு சட்டம் வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. அந்த முடிப்பின் கனம், டீச்சர், எனக்கு இன்னும் கையில் இருக்கிறது.

இப்போது சென்னையில் நான் பணமாகக் கொடுப்பதில்லை. அரிசியாகவே வாங்கி, அளந்து, பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கைப்பேசியில் பணம் அனுப்புவது சுலபம்தான், அப்படிக் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் சுமந்துகொண்டு போய்ப் பழக வேண்டும்.

கேள்வி: பெருநாள் தொழுகை வெள்ளிக்கிழமைத் தொழுகை மாதிரிதானா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டு ரக்அத் (தொழுகையின் ஒரு சுற்று) என்பது ஒன்றுதான், மற்றவை வேறு. இதற்குத் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு கிடையாது, தொழுகை தொடங்குவதை அறிவிக்கிற இகாமத் கிடையாது. சூரியன் உதித்துச் சற்று மேலே வந்த பிறகு தொழுவார்கள். கூடுதல் தக்பீர்கள் உண்டு. ஷாஃபி வழியில் முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து. ஹனஃபி வழியில் மூன்றும் மூன்றும். வெள்ளிக்கிழமை குத்பா என்கிற சொற்பொழிவு முன்னால், தொழுகை பின்னால். பெருநாளில் தொழுகை முன்னால், குத்பா பின்னால். சில ஊர்களில் ஈத்கா மைதானத்தில், சில ஊர்களில் பள்ளிவாசலில், சில இடங்களில் பெண்களும் சேர்ந்து திடலில் தொழுகிறார்கள். கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்கள் தனியாகக் கூடித் தொழும் தைக்காக்கள் உண்டு.

2020 மே 25 அன்று ஊரடங்கில் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. மொட்டை மாடியில் பாய் விரித்து என் கணவர் முன்னால் நிற்க, நானும் மகனும் மருமகளும் பின்னால் நின்று தொழுதோம். பக்கத்து மாடிகளிலும் அப்படியே. முடிந்ததும் யாரும் யாரையும் தழுவ முடியவில்லை. மாடிக்கு மாடி கையை நெஞ்சில் வைத்துச் சலாம் சொன்னோம்.

கேள்வி: நான் செய்கிற வட்டலப்பம் ஓட்டை ஓட்டையாக வருகிறது. என்ன தவறு?
– புதுமணப் பெண், தஞ்சாவூர்

பதில்: தீ அதிகம். அல்லது முட்டையை நுரை வர அடித்திருப்பீர்கள். எங்கள் வீட்டு அளவு: உடைத்த முட்டை எத்தனை தம்ளரோ அத்தனை தம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால், சர்க்கரை அதைவிடக் கொஞ்சம் குறைய. ஏலக்காய், அரைத்த முந்திரி. எல்லாவற்றையும் கலக்கத்தான் வேண்டும், அடிக்கக் கூடாது. துணியில் வடிகட்டி, மூடியில் துணி கட்டி, ஆவித் தண்ணீர் உள்ளே சொட்டாமல் சிறு தீயில் வேகவிடுங்கள். ஆறிய பிறகே துண்டு போடுங்கள். முந்தின இரவே செய்துவிடுவது நல்லது.

கேள்வி: பக்கத்து வீட்டு பாய் குடும்பம் ஒவ்வொரு பெருநாளுக்கும் பிரியாணி அனுப்புகிறது. நாங்கள் சைவம். மறுத்தால் மனம் நோகுமோ என்று வாங்கி, வேறு யாருக்காவது கொடுத்துவிடுகிறோம். சரியா?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கும்பகோணம்

பதில்: ஐயா, அவர்களிடம் நேராகவே சொல்லிவிடுங்கள். நோகமாட்டார்கள். தெரியாமல் இத்தனை வருடம் அனுப்பினோமே என்றுதான் வருந்துவார்கள். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால், நோன்பு திறந்து சற்று ஆறின நேரத்தில் போய், "நாங்கள் அசைவம் சாப்பிடுவதில்லை, உங்கள் வீட்டுப் பாயசம் என்றால் ஆசையாகச் சாப்பிடுவோம்" என்று சொல்லுங்கள். என் அடுத்த வீட்டில் இருபது வருடமாக ஒரு சைவக் குடும்பம். கறி வேலை ஆரம்பிக்குமுன், தனிப் பாத்திரத்தில் தனிக் கரண்டியால் சேமியாப் பாயசம் செய்து முதலில் அவர்களுக்குத்தான் போகும். வட்டலப்பத்தில் முட்டை இருப்பதால் அது போகாது. நவராத்திரியில் அவர்கள் வீட்டுச் சுண்டல் ஒன்பது நாளும் இங்கே வந்துவிடும். காலிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இரண்டு வீட்டிலும் இல்லை, அதனால் யார் பாத்திரம் யாரிடம் இருக்கிறதென்றே இப்போது தெரியாது.

கேள்வி: கல்யாணம் ஆகி முதல் பெருநாள். கணவர் துபாயில் இருக்கிறார். விடுப்புக் கிடைக்கவில்லை. புது உடுப்பு உடுத்தவே மனசு வரவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: மகளே, நானும் பதினைந்து வருடம் அப்படி இருந்தவள்தான். அழாதே என்று சொல்லமாட்டேன். பிறை இரவில் அழுகை வரும், வரட்டும்.

எங்கள் காலத்தில் தொலைபேசியும் அரிது. ஊருக்குப் போகிற யாராவது கையில் ஒலிநாடா கொடுத்து அனுப்புவார்கள். ரமலான் தொடங்குவதற்கு முன்பே வளைகுடாவில் இருந்த என் கணவருக்கு ஒரு நாடா பதிவு செய்துவிடுவேன். பிள்ளைகள் தக்பீர் சொல்வது, உம்மா சலாம் சொல்வது, கடைசியில் தெருவில் மீன்காரர் கூவுகிற சத்தம்கூட அதில் விழுந்திருக்கும். அதைத்தான் பத்துத் தடவை போட்டுக் கேட்டதாகப் பின்னால் சொன்னார். வளைகுடாவில் பெரும்பாலும் நமக்கு ஒருநாள் முன்னால் பெருநாள் வந்துவிடும். இங்கே நான் கடைசி நோன்பில் இருக்க, அங்கே அவர் பெருநாள் தொழுதுவிட்டு அறைக்குத் திரும்பியிருப்பார். அன்று அறையில் எட்டுப் பேர், ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஊர், யாருக்குத் தெரிந்ததை அவர் சமைப்பாராம். சாப்பிட்டதும் யாரும் பேசாமல் படுத்துவிடுவார்களாம். இதை அவர் ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பிவந்த பிறகுதான் என்னிடம் சொன்னார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது. அவருடைய பெருநாள் அன்று, உங்களுக்கு நோன்பாக இருந்தாலும், காலையில் அவர் தொழுதுவிட்டு அறைக்கு வருகிற நேரத்தில் நீங்கள் அழையுங்கள். காணொளியில் அழையுங்கள். அவருடைய அறையில் இருக்கிற மற்றவர்களுக்கும் சலாம் சொல்லுங்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் அப்போது அழைக்காமல் இருக்கலாம். மறுநாள் உங்கள் பெருநாளுக்கு அந்தப் புது உடுப்பை உடுத்துங்கள். உங்கள் மாமியாருக்கும் அன்று மகன் பக்கத்தில் இல்லை. பசியாறும்போது அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.